செவ்வாய்க்கிழமை எப்போது முடிகிறது

நாற்பத்தொரு வயதில் நான் போன் ஆப் செய்யும் படிப்பில் சேர்ந்ததற்கு ஆர்வம் காரணமில்லை. கோபம்தான் காரணம்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் பதிமூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். கடைசி வருடம் பிள்ளைகளின் வருகைப்பதிவை ஓர் ஆப்பில் போடச் சொன்னார்கள். அது வாரத்துக்கு இரண்டு தடவையாவது வகுப்பு மொத்தத்தையும் ஆப்சென்ட் ஆக்கிவிடும். அதைச் செய்துகொடுத்த தஞ்சாவூர் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பேன். எந்த இடத்தில் தப்பு என்பதையும் நானே கண்டுபிடித்துச் சொல்வேன். பள்ளியை மூடிய பிறகு அந்தக் கம்பெனியில் இருந்தே ஒரு அம்மா கூப்பிட்டார்.

"உங்கள மாதிரி யாரும் எங்ககூட சண்டை போட்டதில்லைங்க. நீங்க எங்க பக்கம் வந்துடுங்களேன். ஆனா ஆப் டெவலப்மென்ட் சர்ட்டிபிகேட் ஒண்ணு இல்லாம எடுக்க முடியாது. ஆவணி வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன், முடிச்சிட்டு வாங்க" என்றார்.

ஆறு மாதப் படிப்பு. எல்லாம் ஆன்லைனில். மாலை ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு. எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கொசுவுக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு லேப்டாப்பை மடியில் வைத்து உட்காருவேன். பாடம் நடத்தியவர் பெங்களூரில் இருந்த ஒரு தம்பி. தமிழ்ப் பையன்தான், ஆனால் அவர் பேசுவதில் பத்துக்கு மூன்று வார்த்தைதான் எனக்குப் பிடிபடும்.

முதல் மாதமே தலை சுற்றியது. இங்கிலீஷில் "நல்" என்று ஒன்று சொன்னார். அது காலி இல்லையாம், பூஜ்யமும் இல்லையாம், ஆனால் அதில் ஒன்றும் கிடையாதாம். பதிமூன்று வருடமாகப் பூஜ்யத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். எனக்குத் தெரியாமல் அதற்குக் கீழே இன்னொரு ஒன்றுமில்லாதது இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அடுத்து, வரிசையில் முதல் ஆளுக்கு எண் ஒன்று இல்லை, பூஜ்யம் என்றார். இதை மட்டும் எப்படியோ ஏற்றுக்கொண்டேன். எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும் போலிருக்கிறது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பாடத்திலிருந்தே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மாதம் போகப் போகப் புரிந்ததா என்றால் புரிந்தது, ஆனால் எது புரிந்தது என்று தெரியவில்லை. நான் எழுதியது ஓடினால் ஏன் ஓடுகிறது என்று விளங்காது. ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்றும் விளங்காது. ஓடாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், காரணமில்லாமல் ஓடுவதைத்தான் நம்ப முடியாது.

வைகாசியில் கடைசிப் பரீட்சைக்கான வேலையைக் கொடுத்தார்கள். உங்கள் ஊர்த் தேவை ஒன்றுக்கு ஆப் செய்ய வேண்டும். நாளுக்கு நாள் ஆள் மாறும் முறை ஏதாவது அதில் இருக்க வேண்டும். நிஜமான பத்துப் பேர் விடாமல் பதினான்கு நாள் அதைப் போனில் வைத்திருக்க வேண்டும். பிறகு படிப்பு நடத்தும் கம்பெனியே வைத்திருக்கும் டெஸ்ட்கள் அதன்மேல் ஓடும். சரியாக இருந்தால் பச்சை டிக், தப்பென்றால் சிவப்புப் பெருக்கல் குறி. எல்லாம் பச்சையானால் சர்ட்டிபிகேட்.

நாளுக்கு நாள் ஆள் மாறும் முறை என்றதும் எனக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. எங்கள் வாய்க்கால் முறை கண்ணுக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டாற்றிலிருந்து பிரிந்து பிரிந்து எங்களிடம் வந்து சேர்வதற்குள் தண்ணீர் இளைத்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் யாருக்கும் பாயாது. அதனால் கிழமைக்கு ஒரு பங்கு. செவ்வாய்க்கிழமை என் கணவரின் அண்ணன் பங்கு. புதன்கிழமை எங்கள் பங்கு. கிழமை மாறாது, ஆனால் ஆட்கள் மாற்றிக்கொள்வார்கள். "இந்த வாரம் என் ஞாயித்துக்கிழமைய நீ எடுத்துக்க, அடுத்த வாரம் ஒன் வெள்ளிய கொடு" என்று டீக்கடையில் பேசிவிட்டு, அடுத்த வாரம் ஒருவர் மறந்துபோய், இரண்டு மண்வெட்டிகள் ஒரே மடையில் சந்திக்கும். என் ஆப்பில் மாற்றிக்கொண்டதை இருவரும் பதிந்துவிட வேண்டும். முறை மாறும் நேரத்தில் உரியவரின் போனில் மணி அடித்து, 'இப்போது உங்கள் முறை' என்று எழுத்து வரும்.

பத்துப் பேரைச் சேர்ப்பது சிரமமாக இல்லை. ஒன்பது பேர் ஆனதும், பத்தாவதாக என் ஓரகத்தி போனை நீட்டினார். செவ்வாய்க்கிழமைப் பங்கு அவருடையதுதான். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், விவசாயம் முழுவதும் அக்கா கையில். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அக்காவாகத்தான் இருந்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட பயந்தபோது கையைப் பிடித்துப் பட்டனில் வைத்தவர் அவர்தான்.

"இதுல போட்டா ஒனக்கு வேலை கெடைக்குமா?" என்றார்.

"கெடைக்கும்க்கா. பதினாலு நாள் அழிக்காம வச்சிருந்தா போதும்."

"சரி, போடு. கொசுக்கடி பட்டதுக்கு ஏதாவது வரணும்ல."

அன்று புதன்கிழமை மதியம். அன்று சாயங்காலம் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பார்த்தேன். அத்தனையும் பச்சை. அதில் ஒரு டெஸ்ட்டை நான் குறிப்பாக ரசித்தேன்: இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு ஒருவர் பெயர், பன்னிரண்டு ஒன்றுக்கு அடுத்தவர் பெயர், டக்கென்று மாறியது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். எது நல்லாயிருக்கு என்று அவருக்கும் தெரியாது.

ஆறு நாள் எந்தக் குறையும் வரவில்லை. அது ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் ராத்திரி போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவார்கள். நடுராத்திரி மணி அடித்ததை யாரும் கேட்கவே இல்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஒரே ஆள் என் கணவர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. மேலே எங்கேயோ ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்தில்தான் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் கரை தொட்டு வந்திருக்கிறது. அக்கா மடையைத் திறந்துவைத்துவிட்டு, விடிகிற வரைக்கும் பாயட்டும் என்று போய்ப் படுத்தார். விதை விட்டு ஐந்தாம் நாள், ஆனி வெயில், அவருடைய நாற்றங்கால் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது.

காலையில் வாசல் தெளிக்கப் போனபோது அக்கா தெருவில் நின்றுகொண்டிருந்தார். காலெல்லாம் சேறு.

"என் மடைய அடைச்சிட்டு ஒங்க மடைய தெறந்திருக்கு. ஒங்க வயல்ல தண்ணி நிக்கிது. யாரு செஞ்சா?"

என் கணவர் எழுந்து வந்தார். "நாந்தான் அண்ணி. பன்னெண்டு மணிக்கு போன்ல எங்க முறைன்னு வந்துச்சு. சரி, நீங்க ரெண்டு பேரும் ஏதோ மாத்திக்கிட்டீங்க போலன்னு நெனச்சு..."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இதுக்குத்தான் ஆறு மாசமா மொட்டமாடியில ஒக்காந்திருந்தியா, தங்கச்சி? தண்ணி திருடுறதுக்கா?"

முதலில் வாயில் வந்தது நியாயம். "இல்லக்கா, பன்னெண்டு மணிக்கு மேல புதன்கிழமைல்ல?"

"யாருக்கு?"

அக்கா வாசல்படி வரைக்கும் வந்துவிட்டார்.

"என் பொண்ணு செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தா. அன்னைக்கு நீயுந்தானே கூட இருந்த. ஊர் பூரா செவ்வாய்க்கிழமை பொறந்தவன்னு சொல்லுது. அவ புதன்கிழமைப் பொண்ணா இப்ப?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கம் விடிந்தால்தான் அடுத்த கிழமை. பஞ்சாங்கமும் அப்படித்தான் போடும், வாய்க்கால் முறையும் அப்படித்தான் போகும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பத்தொரு வருடமாக நானும் அப்படித்தான் பேசிவந்திருக்கிறேன். ஆனால் லேப்டாப்பைத் திறந்ததும் அதில் இருந்த கிழமைக்கு மாறிவிட்டேன், மாறினேன் என்றுகூடத் தெரியாமல். ஒரே தலைக்குள் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் இத்தனை வருடம் ஒன்றையொன்று பார்க்காமல் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அக்கா என் கண் முன்னாலேயே ஆப்பை அழித்தார். என் லேப்டாப்பில் பத்து என்ற எண் ஒன்பதாக மாறியது. பதினான்கு நாள் கணக்கும் முதலிலிருந்து என்று காட்டியது. எனக்கு அழுகை வந்தது. அக்காவின் நாற்றங்காலுக்காகவா, அந்த எண்ணுக்காகவா என்று அப்போது கேட்டிருந்தால் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க முடியாது.

அன்று மாலை வகுப்பில் கேட்டேன். "தம்பி, நாள் எப்ப தொடங்குது?"

"மேடம்?"

"ஒரு நாள். அது எப்ப தொடங்குது?"

"மிட்நைட் மேடம். ஏன், டைம் ஜோன் ப்ராப்ளமா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் பாவம், நன்றாகவே கேட்டார். "அப்போ ஆறு மணி நேரத்தைக் கழிச்சிடுங்க மேடம். போன்ல காலைல ஆறு மணின்னா ஆப்புக்குள்ள அது ராத்திரி பன்னெண்டு. சிம்பிள்."

கழித்துப் பார்த்தேன். இந்திய நேரத்தில் ஆறு மணி நேரம் போனால், லண்டனின் கிரீன்விச் நேரத்துக்கும் அரை மணி பின்னால் போகிறது. அதாவது கணினியின் கணக்குப்படி எங்கள் வாய்க்கால் லண்டனுக்கு மேற்கே கடலுக்குள் எங்கேயோ ஓடுகிறது. அங்கே யாரும் குறுவை போடுவதாகத் தெரியவில்லை. ஆனால் ஆப் சரியாக வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் தொடங்கி, புதன்கிழமை விடிகாலையில் முடிந்தது.

அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன், உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை.

"தப்பு என்னுதுதான்க்கா. மாத்திட்டேன். விடிஞ்சாதான் மாறும் இப்ப. நீங்க வச்சுக்கலன்னா எனக்கு சர்ட்டிபிகேட் இல்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னபிறகுதான் தெரிந்தது.

"நாத்து பாதி கருகிப் போச்சு" என்றார். பிறகு போனை நீட்டினார்.

பதினான்கு நாள் மறுபடி தொடங்கியது. அதற்குள் எங்கள் நாற்று நடவுக்கு வந்துவிட்டது. அந்த ராத்திரித் தண்ணீரில் கிளிப்பச்சையாக வளர்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நாற்றுப் பறித்த அன்று என் கணவர் யாரிடமும் கேட்காமல், எங்கள் நடவு போக மிச்சமிருந்த நாற்று முடிகளையெல்லாம் வண்டியில் ஏற்றி அக்காவின் வயல் வரப்பில் இறக்கிவைத்தார். மிச்சம் என்றால் மிச்சம் இல்லை, எங்கள் வயலில் ஒரு மூலையைத் தாமதமாக நட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு எடுத்துப் போனது. அக்கா அதை நட்டார். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. எதிர்ப்பட்டால் "சாப்டியா?" என்பார், அதற்கு மேல் நிற்கமாட்டார். நான் எதிர்பார்த்தது திட்டு. இந்த "சாப்டியா"வை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தேன்.

பதினான்காம் நாள் பத்துப் பேர் பத்துப் பேராக இருந்தார்கள். ஆப்பைச் சமர்ப்பிக்கும் முன் கம்பெனியின் டெஸ்ட்டை ஓடவிட்டேன். மூன்று சிவப்பு. மூன்றும் பன்னிரண்டு மணி டெஸ்ட்கள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கும் அக்கா பெயர், பன்னிரண்டு ஒன்றுக்கும் அக்கா பெயர். தப்பு என்றது.

தம்பிக்கு போன் போட்டேன். "இதுதான் சரி தம்பி. ஒங்க டெஸ்ட்தான் தப்பு."

"உங்க ஊருக்கு அது சரி மேடம். ஆனா டெஸ்ட் எல்லாருக்கும் காமன். அதை மாத்துற பவர் எனக்கு இல்ல. நீங்க பழைய வெர்ஷனை சப்மிட் பண்ணுங்க, பாஸ் ஆயிடும்."

"பழையதுலதான் தண்ணி தப்பா போச்சு."

"தெரியுது மேடம். நாளைக்குக் கடைசி நாள்."

பச்சை டிக் வாங்குகிற ஆப் அக்காவின் தண்ணீரை எடுத்து எனக்குக் கொடுக்கிறது. அக்காவின் தண்ணீரை அக்காவுக்கே கொடுக்கிற ஆப் சிவப்பாகிறது. இரண்டையும் செய்தது நான்தான். எது படித்தவள் செய்தது, எது படிக்காதவள் செய்தது?

மறுநாள் சாயங்காலம் பழையதைச் சமர்ப்பித்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு கட்டம் வந்தது: பத்துப் பயனர்களும் பயன்படுத்தியது இதே ஆப்தான் என்று உறுதி கூறுகிறேன். கீழே சின்னச் சதுரம். அதில் டிக் வைத்தேன். பதிமூன்று வருடம் பிள்ளைகளிடம் காப்பியடித்தால் கையை உடைப்பேன் என்று சொன்னவள்தான் வைத்தேன். வேறு வழியில்லை என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால் ஒரு வழி இருந்தது, டிக் வைக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ரொம்ப வேண்டியிருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. ஆடி முடியப்போகிற ஒரு புதன்கிழமை காலையில் பால் வாங்கி வைத்துவிட்டு மாடிக்குப் போய் மெயிலைத் திறந்தால் சர்ட்டிபிகேட் வந்திருந்தது. என் பெயர், கீழே ஒரு கையெழுத்து, பக்கத்தில் தங்க நிறத்தில் முத்திரை மாதிரி ஒன்று. மெயில் வந்த நேரம் ராத்திரி பன்னிரண்டு நாற்பது. சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். வந்து உட்காரத்தான் இடமில்லாமல் நின்றது.

கணவர் அன்றைக்கே அதைக் கும்பகோணத்தில் கலரில் பிரின்ட் எடுத்து லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக. தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சர்ட்டிபிகேட்டை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

நான் சொல்லிவிட நினைத்தேன். இது அந்தப் பழைய ஆப்புக்குக் கிடைத்தது, உங்கள் போனில் இருக்கிறதுக்குக் கிடைக்கவில்லை என்று. "அக்கா, இதுல ஒரு விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்து, டெஸ்ட், சிவப்பு, சின்னச் சதுரம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

முடித்ததும் கேட்டார். "எப்ப வந்துச்சு இது?"

"நேத்து ராத்திரி. செவ்வாய்க்கிழமை ராத்திரி, பன்னெண்டு நாப்பதுக்கு."

சொன்ன வாயை மூடவில்லை, என் கண் அவர் கையிலிருந்த அட்டையில் போய் நின்றது. அதில் புதன்கிழமையின் தேதி அச்சடித்திருந்தது.

அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ட்டிபிகேட்டைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"அப்ப இதுவும் என் முறையில வந்ததுதான்" என்றார். "வச்சுக்க."